கணவாய்க்கு ஏறிய பச்சைக் கார்

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்துத் தெற்கு ஓரத்தில், மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் இடத்தில் நானும் என் தோழியும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஜூலை மாதம், மதியம் தாண்டியிருந்தது. கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் வரிசையாக ஏரிகள் இருக்கின்றன, அங்கே கூடாரம் போட இடம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மஞ்சள் நிறப் பேருந்து ஒன்று எங்களைக் கடந்து ஏறிப் போனது. அதற்கு டிக்கெட் எடுத்தால் அடுத்த இரண்டு நாள் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

நாங்கள் இருவரும் அப்போது ஜெர்மனியில் லைப்சிக்கில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். அவள் ஈரோட்டுக்காரி, நான் மதுரை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக விமான டிக்கெட் வாங்க முடியாது என்று தெரிந்ததும், அந்த ஐந்து வாரத்தை ஐரோப்பாவைச் சுற்றியே கழித்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். ஆளுக்கொரு முதுகுப்பை, ஒரு பழைய கூடாரம், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். கடை மூடும் நேரத்தில் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டுகிற ரொட்டி. சுவிட்சர்லாந்துதான் கடைசி நாடு. ஃப்ரிபூர்க்கில் தெருக் குழாய்களில் வழிந்துகொண்டே இருக்கும் தண்ணீரை வயிறு நிறையக் குடித்துவிட்டு, பீலில் வகுப்புத் தோழன் ஒருவனின் அறைத் தரையில் இரண்டு நாள் படுத்துவிட்டு, கூர் வந்து சேர்ந்திருந்தோம். வீட்டில் யாருக்கும் நாங்கள் தெரியாதவர்களின் காரில் கைகாட்டி ஏறுகிறோம் என்று தெரியாது.

கடைசியில் ஒரு பச்சை நிறக் கார் நின்றது. பழைய கார். ஓட்டியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சட்டைக் கையை முழங்கை வரை அழகாக மடித்துவிட்டிருந்தார். நாங்கள் ஏரியின் பெயரைச் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பாகி, பின் கதவைத் தானே இறங்கி வந்து திறந்தார். எனக்கு மலைப்பாதையில் தலை சுற்றும் என்பதால் நான் முன்னால் உட்கார்ந்தேன். தோழி பைகளோடு பின்னால்.

கார் புறப்பட்டதிலிருந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் ஜெர்மன் சுமார்தான், ஆனால் தோழி நன்றாகப் பேசுவாள். அவளுக்கும் புரியவில்லை. சுவிஸ் ஜெர்மன் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் சிரித்த இடத்தில் சிரித்தோம், அவர் நிறுத்திய இடத்தில் "யா, யா" என்றோம். ஒரு தேவாலயத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். புல் அறுத்துப் போட்டிருந்த ஒரு சரிவைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, குழந்தையின் உயரத்தைக் காட்டுவதுபோலக் காட்டினார். அங்கே சின்ன வயதில் விளையாடியிருப்பார் போல என்று நான் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து அதற்கும் தலையாட்டினார்.

முக்கால் மணி நேரம் இப்படிப் போயிருக்கும். மரங்கள் குறைந்து, பாறையும் புல்லும் மட்டுமான உயரத்துக்கு வந்திருந்தோம். ஒரு வளைவில் அவர் பேச்சு பாதியில் நின்றது. அடுத்த வார்த்தையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தலை முன்னால் சாய்ந்திருந்தது. கைகள் மடியில் கிடந்தன. ஸ்டியரிங்கை யாரும் பிடித்திருக்கவில்லை.

கார் வலப்பக்கமாக, பள்ளத்தாக்கு இருந்த பக்கமாக, மெதுவாக நகர்ந்தது. வேகமாக இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போனது என்பது. அந்த இடத்தில் தடுப்பு இல்லை, பனிக்காலத்தில் சாலையின் விளிம்பைக் காட்ட நடுகிற கம்புகள் மட்டும் இருந்தன.

அப்போது என் கை என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டும். என் இடது கை சீட் பெல்ட்டை அவிழ்த்தது. வலது கை கதவைத் திறந்தது. அவரைப் பற்றியோ, பின்னால் இருந்தவளைப் பற்றியோ ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வெளியே குதித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. திறந்த கதவுக்குக் கீழே தரை இல்லை என்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

பின்னால் இருந்து ஒரு கை அவருக்கும் எனக்கும் நடுவே பாய்ந்து வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கார் ஒரு முறை குலுங்கி, இருமி, நின்றது. என் நெற்றி முன் கண்ணாடியில் இடித்தது. கீழே பார்த்தேன். என் கால் பக்கம் ஒரு சாண் புல், அதற்கப்புறம் சரிவு. வெகு ஆழத்தில் ஒரு ஓடை நூல்போலத் தெரிந்தது.

"எறங்குடி! அவர் பக்கமா எறங்கு!" என்று கத்திக்கொண்டே தோழி இடது பக்கமாக இறங்கிவிட்டிருந்தாள்.

அவரை இருவருமாகச் சாலைக்கு இழுத்துப் போட்டோம். அவ்வளவு கனம். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. மூச்சு இல்லை. தோழி ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம் வாங்க வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தாள். அதற்கு முதலுதவி வகுப்புக்குப் போயாக வேண்டும். எழுதப் படிக்க ஏகப்பட்டது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வீணாகிறதே என்று புலம்பியபடி அந்த வகுப்புக்குப் போய்வந்தவள் அவள். இப்போது அவர் சட்டையைப் பிய்த்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்கினாள். ஜெர்மனில்தான் எண்ணினாள், படித்தது அந்த மொழியில் என்பதால். இருபதைத் தாண்டும்போது தமிழுக்கு மாறினாள். "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..." முதல் சுற்றிலேயே உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. நான் அலறினேன். அவள் நிறுத்தவில்லை. "விலாவா இருக்கும். நீ போன் போடு," என்றாள்.

நான் அவசர உதவி எண்ணான நூற்றுப்பன்னிரண்டுக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மலை, மலை என்று மட்டும் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் ஆங்கிலத்துக்கு மாறி, என் போனை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், உங்கள் தோழி நிறுத்தக் கூடாது, எண்ணிக்கொண்டே இருக்கட்டும் என்றும் சொன்னாள். அவள் குரல் நிதானமாக இருந்தது.

பைக்கில் வந்த ஒரு கணவனும் மனைவியும் நிறுத்தினார்கள். கணவர் தோழியின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் வளைவுக்கு ஓடி, வருகிற வண்டிகளை நிறுத்தினாள். பிறகு ஹெலிகாப்டர் வந்தது. அது இறங்கிய காற்றில், காருக்கு வெளியே விழுந்திருந்த எங்கள் கூடாரப் பை பறந்து பள்ளத்தாக்குக்குள் போனது. ஹெலிகாப்டரில் வந்தவர்கள் அவர் நெஞ்சில் இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒருவர் நிமிர்ந்து இன்னொருவரிடம் ஏதோ சொல்ல, பைக்கில் வந்தவர் எங்கள் பக்கம் திரும்பி இதயத்தைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். தோழி அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஹெலிகாப்டர் போன பிறகு போலீஸ் வந்தது. ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். அவரை எப்படித் தெரியும்? எங்கே ஏறினீர்கள்? ஏற வேண்டும் என்று யார் கேட்டது? வலப்பக்கக் கதவு ஏன் திறந்திருந்தது? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் போலீசுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து, அவருடைய பர்ஸ் எங்கே என்று கேட்டாள்.

எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சட்டைப் பையிலும் இல்லை, காரிலும் இல்லையாம். பைகளைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருந்தது? பாறை மேல் எங்கள் வாழ்க்கை முழுவதும் எடுத்து வைக்கப்பட்டது. துவைக்காத உள்ளாடைகள், பாதி ரொட்டி, தூங்கும் பைகள், நாப்கின்கள். அந்த ஆண் போலீஸ் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெரியவருக்கு உயிர் கொடுத்த தோழியின் கை, துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டிக்கொண்டிருந்தது. தோழி அழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது.

பர்ஸ் எங்களிடம் இல்லை. கார் எப்படி நின்றது என்று கடைசியாகக் கேட்டார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம் என்றேன். "வியர்" என்றேன். ஜெர்மனில் அதற்கு 'நாங்கள்' என்று பொருள். பெண் போலீஸ் எழுதிக்கொண்டாள். தோழி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், கேட்டாளா என்று தெரியவில்லை.

அவர்களே எங்களைக் கூருக்குக் கூட்டிவந்தார்கள். அவர் பிழைத்தாரா என்று தெரியாமல் எங்கும் போக முடியாது என்று தோழி சொல்ல, மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். படுக்கை விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போன, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றார்.

"நீங்கள் தமிழோ? ஆருக்கு என்ன வருத்தம்?"

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கேட்டு முடித்ததும் முதலில் திட்டினார்.

"காசில்லாட்டி வீட்டில இருக்கோணும் பிள்ளையள். ஆரெண்டு தெரியாத ஆளின்ர காரில ஏறுறதோ? உங்கட அம்மா அப்பாவுக்குத் தெரியுமோ இது?"

"தெரியாதுக்கா."

"தெரியாது," என்று எங்களைப் போலவே சொல்லிக் காட்டினார். பிறகு குரல் இறங்கியது. "சாப்பிட்டனீங்களோ?"

அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்று தோழி கெஞ்சினாள்.

"நான் சொல்லக் கூடாது. நோயாளியைப் பற்றி வெளியாக்களோட கதைக்கேலாது. அவரின்ர மகள் மேல நிக்கிறா. நான் போய் அவவைக் கேட்டுக்கொண்டு வாறன்."

மகள் இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிப் போனது. சுவிஸ் ஜெர்மனில் வேகமாகப் பேசினாள், அக்கா நடுவில் நின்று எங்களுக்குச் சொன்னார். அப்பா எங்கே போவதாகச் சொன்னார், அவரை மலைக்குப் போகச் சொல்லிக் கேட்டது நீங்களா என்று கேட்கிறாள். நாங்கள் கை காட்டினோம், அவரே நிறுத்தினார் என்றோம். அக்கா அதைச் சொல்ல, மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவருக்கு இரண்டு வருடமாக ஓட்டுநர் உரிமமே இல்லையாம். ஞாபகம் தப்பத் தொடங்கியதும் அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அந்தக் கார் மகளுடையது. சாவியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாளாம். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பர்ஸ் வீட்டுச் சமையலறை மேசையிலேயே இருந்தது என்று இப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னாராம்.

அந்த முக்கால் மணி நேரமும் நினைவில் ஓடியது. பாதையின் எல்லா வளைவுகளிலும் அவர் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டியிருந்தார்.

"அப்பா உங்களோட என்ன கதைச்சவர் எண்டு கேக்கிறா," என்றார் அக்கா.

புரியவில்லை, எங்களுக்கு சுவிஸ் ஜெர்மன் தெரியாது என்றேன். பேசியது எப்படி இருந்தது என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். தோழி தனக்கு நினைவிருந்த இரண்டு மூன்று ஒலிகளைச் சொல்லிக் காட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது ஜெர்மன் இல்லையாம். ரோமான்ஷ். இஞ்ச மலையில கொஞ்சச் சனம் கதைக்கிற பாஷை," என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "மனுசி செத்தாப் பிறகு அவர் அதில ஒருதரோடயும் கதைக்கேல்லையாம். இவவுக்கே அது வடிவாத் தெரியாதாம். கன வருசமாப் பேசாமலே இருந்த மனுசன் எண்டுறா."

அந்தத் தேவாலயத்தைப் பற்றி என்ன சொன்னார், அந்தச் சரிவில் யார் அவ்வளவு சின்ன உயரத்தில் இருந்தார்கள் என்று அந்த மகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் "யா, யா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்திருந்தோம்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அக்கா சொன்னார்: "முன்னால இருந்த பிள்ளைதான் பிரேக் போட்டதெண்டு பொலிஸ் சொன்னதாம். நீங்கள் இல்லாட்டி அவர் கீழ போயிருப்பார் எண்டுறா. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லையாம்."

நான் 'நாங்கள்' என்று சொன்னது, முன்னால் இருந்தவள் என்று அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லலாம், அக்கா பக்கத்திலேயே நிற்கிறார். என் வாய் திறக்கவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது, பாறை மேல் உள்ளாடையை உதறிக் காட்டிய பிறகு யாரோ என்னை நல்லவளாகப் பார்த்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தோழியின் கையையும் பிடித்து, நெஞ்சை அமுக்கியதற்காக மகள் நன்றி சொன்னாள். தோழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பிழைத்துவிட்டார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது.

வேலை முடிந்ததும் அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூடாரம் பள்ளத்தாக்கில் கிடந்ததால் வேறு வழியும் இல்லை. இடியப்பமும் சொதியும் தந்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு தேங்காய்ப்பால் நாக்கில் பட்டதும் இருவரும் மளமளவென்று தின்றோம். அக்கா குளிக்கப் போனபோது தோழி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"கதவத்தான தொறந்த நீ?"

"ஆமா."

"குதிச்சிருந்தா செத்திருப்ப."

"ஆமா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவள் எழுந்து தட்டைக் கழுவினாள். என் தட்டையும் எடுத்துக் கழுவினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லைப்சிக் திரும்பிய பிறகு நாங்கள் முன்போலவே வகுப்புக்குப் போனோம், ஒரே சமையலறையில் சமைத்தோம். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஆனால் நான் தூங்குவதற்குக் கண்ணை மூடினால் என் வலது கை தானாகக் கதவைத் தேடும். மூன்று வாரம் கழித்து அந்த மகளிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் முகவரியை அக்கா மூலம் வாங்கியிருக்கிறாள். கடிதம் என் பெயருக்கு மட்டும் வந்திருந்தது. உள்ளே ஒரு புகைப்படம், அவர் ஒரு பெஞ்சில் மடித்த சட்டைக் கையோடு உட்கார்ந்திருக்கிறார். உன் தைரியத்தை எங்கள் குடும்பம் மறக்காது என்று எழுதியிருந்தாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஜெர்மனில் பதில் எழுதினேன். பிரேக்கை இழுத்தது நான் இல்லை, என் தோழிதான். நான் கதவைத் திறந்து தப்பிக்கப் பார்த்தேன். அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு. மூன்று வரிதான், ஆனால் நாலு தாள் கிழித்தேன். அனுப்புவதற்கு முன் தோழியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் வேற்றுமை உருபைத் திருத்தினாள், ஒரு வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிக்கு அம்புக்குறி போட்டுத் தள்ளினாள்.

"இப்ப சரியா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள்.

மகளின் பதில் தோழிக்கு வந்தது. அடுத்த கோடையில் அவள் கூருக்குப் போனாள், ரயிலில், மகள் அனுப்பிய டிக்கெட்டில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நான் போகவில்லை. திரும்பி வந்து சொன்னாள்: அவர் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், அவளை அடையாளம் தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். இந்த முறை மகள் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாளாம், அந்தப் பாஷை தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் புரிந்துகொள்வதற்காக.

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியல. கேட்டுட்டு எழுதறேன்னாங்க," என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு, பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் எழுந்து அரிசி களைந்தேன்.